சின்ன வயிறும் பந்திச் சாப்பாடும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எடை குறைக்கிற ஆபரேஷன் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சா முக்காவாசி ஒரே கேள்வி தான். ஆபரேஷன் ஆச்சு, எடையும் இறங்குது, வீட்ல சமாளிச்சிடுறோம், ஆனா வெளிய சாப்பிடப் போனா என்ன பண்றதுன்னு. ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டின்னு நம்ம கடக்கரைப் பக்கத்துல இருந்து தான் நெறய வந்திருக்கு, அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் இல்ல, ஊர் மட்டும் தான். நான் டயட்டீஷியன், சர்ஜன் இல்ல. உங்க சர்ஜன் ஒண்ணு சொல்லி நான் வேற சொன்னா அவர் சொன்னதையே கேளுங்க.

ராமநாதபுரம் வாசகி: அக்கா, எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணி 4 மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா எங்க அண்ணன் குடும்பத்தோட ஹோட்டலுக்குக் கூப்பிடுவாங்க, நான் எதாவது சாக்கு சொல்லி தட்டிக் கழிச்சிட்டே இருக்கேன். ஆபரேஷன் விஷயம் அண்ணிக்குத் தெரியாது. போனா என்ன ஆர்டர் பண்றது? ஏன் இவ்ளோ கொஞ்சமா சாப்பிடுறேன்னு கேட்டா என்ன சொல்றது?

போங்க தங்கச்சி, தாராளமா போங்க. 4 மாசம் ஆச்சுன்னா கஞ்சித்தண்ணி, மசிச்சது, கொழைய வெந்ததுன்னு எல்லா கட்டமும் தாண்டி நீங்க சாதாரண சாப்பாட்டுக்கு வந்திருப்பீங்க, அதுக்கு மேலயும் வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தா அது டயட் இல்ல, தண்டனை. ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறது ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமா ஒடுக்கமா ஒரு குழாய். ஆரம்பத்துல 100, 150 மில்லி தான் பிடிக்கும், மாசம் போகப் போக கொஞ்சம் எடம் குடுக்கும். அப்போ ஹோட்டல்ல என்ன சாப்பிடுறோம்ங்கறதை விட எவ்ளோ வேகத்துல உள்ள தள்ளுறோம்ங்கறது தான் அந்தக் குழாய்க்குப் பெரிய விஷயம். வீட்ல நீங்க பாட்டுக்கு அரை மணி நேரம் மென்னு சாப்பிடுவீங்க, ஹோட்டல்ல பேச்சு, சிரிப்பு, பிள்ளைங்க சத்தம், அடுத்த ஆளுக்கு டேபிள் வேணும்னு சர்வர் பாக்குற பார்வை, இதுல நம்மள அறியாமலே பழைய வேகம் வந்துடும். எங்கிட்ட வர்றவங்கள்ல ஹோட்டல்ல போய் கஷ்டப்பட்டவங்க முக்காவாசி பேரு தப்பான ஐட்டத்தால கஷ்டப்படல, நல்ல ஐட்டத்தையே அவசரமா சாப்பிட்டு கஷ்டப்பட்டவங்க தான்.

அதனால என் ஓட்டு நண்டுக்கு. சிரிக்காதீங்க, நெசமா தான் சொல்றேன். நண்டை யாராலயும் வேகமா சாப்பிட முடியாது, உடைக்கணும், நோண்டணும், கொஞ்சூண்டு சதை வரும், அதை வாயில போட்டு மெல்லும்போதே அடுத்த காலை உடைக்கணும். கூட இருக்கவங்க சாப்பிட்டு முடிச்சப்போ நீங்க இன்னும் ஒரு நண்டுலயே இருந்தாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நண்டுன்னா அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும். சதை மெத்துன்னு இருக்கும், முழுக்க புரோட்டீன். மசாலா மட்டும் பாத்துக்கங்க, நம்ம ஊரு குண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது பெருமை தான், ஆனா புதுசா தைச்ச வயித்துக்கு அந்தக் காரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கிரேவியை ஒதுக்கிட்டு சதையை மட்டும் எடுத்துக்கங்க, இல்லன்னா பெப்பர் கம்மியா போட்டு கேளுங்க.

நண்டு பிடிக்காதுன்னா மீனு. ஆனா வறுவலை விட கொழம்புல கெடந்த துண்டு மெத்துன்னு இருக்கும். மொறுமொறுன்னு பொரிச்ச மீனு வெளிய காஞ்சு போய் தொண்டையிலயே நிக்கும். சீலா, பாறை, வெளமீனு எது இருந்தாலும் சரி, 100 கிராம் மீன்ல கிட்டத்தட்ட 20 கிராம் புரோட்டீன் இருக்கு, உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 60-லேருந்து 80 கிராம், கணக்கு பாத்துக்கங்க. இன்னிக்கு என்ன மீனு வந்துச்சுன்னு கேட்டு ஆர்டர் பண்ணுங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போ வர்றது நாட்டுப்படகு மீனு இல்லன்னா ஐஸ் மீனு, பழசுன்னு கொஞ்சம் சந்தேகம் வந்தா கூட விட்டுட்டு முட்டைக்கு மாறிடுங்க. கலக்கி மெத்துன்னு இருக்கும், ஆனா நல்லா வெந்ததா போடச் சொல்லுங்க. கணவாய் வேண்டாம், ஹோட்டல்ல பெரும்பாலும் அதிகமா வேக வச்சு ரப்பரா ஆக்கிடுவாங்க, எவ்ளோ மென்னாலும் மசியாது. மட்டன் சுக்காவும் அப்படித்தான், இன்னும் சில மாசம் போகட்டும்.

சாதம், இடியாப்பம், ஆப்பம் எல்லாம் கடைசில, எடம் இருந்தா ரெண்டு வாய். மொதல்ல அதை சாப்பிட்டா வயிறு அதுலயே முடிஞ்சிடும், புரோட்டீனுக்கு எடம் இருக்காது. தண்ணி டம்ளரை உக்காந்த உடனே ஓரமா தள்ளி வச்சிடுங்க, சாப்பிடும்போதும் கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் கிடையாது. சூப்பு ஆர்டர் பண்ணாதீங்க, எலும்பு சூப்புல ருசி தான் இருக்கு, புரோட்டீன் பெருசா ஒண்ணும் இல்ல, வயித்தை மட்டும் ரொப்பிடும்.

அண்ணி விஷயத்துக்கு வர்றேன். சொல்லணுமா வேண்டாமாங்கறது முழுக்க உங்க இஷ்டம், யாருக்கும் நீங்க கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்ல. ஆனா பொய் சொன்னா அடுத்த வாரம் அதுக்கு இன்னொரு பொய் வேணும். "வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு அண்ணி, கொஞ்ச கொஞ்சமா தான் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" இவ்ளோ போதும், இது பொய்யும் இல்ல. என்ன ஆபரேஷன்னு தோண்டினா "அதெல்லாம் அப்புறம் சொல்றேன், பிள்ளைக்கு மீனுல முள்ளு எடுத்துக் குடுங்க"ன்னு பேச்சை மாத்திடுங்க. அண்ணனாச்சும் விஷயம் தெரிஞ்சவரா பக்கத்துல உக்காந்தா நல்லது, மிச்சத்தை அவர் தட்டுக்கு மாத்திடலாம், சர்வர் "ஏன்மா நல்லா இல்லையா"ன்னு கேக்குற தொல்லையும் இருக்காது.

மண்டபம் வாசகர்: போட்டுக்கு இன்ஜின் வேலை பாக்குறேன். ஸ்லீவ் பண்ணி 7 மாசம். ராத்திரி பசங்களோட கடையில உக்காந்து ஒரு புரோட்டா தான் தின்னேன், சால்னால நல்லா ஊற வச்சு தான். நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி அடைச்சு, எச்சி எச்சியா ஊறி, நுரை நுரையா வாந்தி. தண்ணி குடிச்சா எறங்கும்னு குடிச்சேன், இன்னும் மோசமாயிடுச்சு. பயந்துட்டேன்.

தம்பி, நடந்தது என்னன்னா, மைதாவை எச்சியில மென்னு முழுங்கும்போது அது திரும்ப மாவு உருண்டையா சேர்ந்துக்கும், சால்னா ஊத்தினா இன்னும் நல்லா சேரும். ஒடுக்கமான குழாய்ல அது போய் அடைச்சு நின்னுடுச்சு. உடம்பு அதை கீழ தள்ளப் பாக்கும், எச்சியும் கோழையும் நெறய சுரக்கும், அது தான் அந்த நுரை. அந்த நேரத்துல மேல இருந்து தண்ணி ஊத்தினா போக வழி இல்லாம அதுவும் சேர்ந்து திரும்பி வரும். இனிமே அப்படி ஆச்சுன்னா மொதல்ல சாப்பிடுறதை நிறுத்துங்க, ஒரு வாய் கூட கூடாது, தண்ணியும் கூடாது. எழுந்து நின்னு மெதுவா நடங்க. பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல எறங்கிடும், இல்லன்னா வெளிய வந்துடும். அன்னிக்கு மிச்ச நேரம் தண்ணி ஆகாரம் மட்டும், அதுவும் வாய் வாயா.

சில மணி நேரம் ஆகியும் எச்சியைக் கூட முழுங்க முடியலைன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதே போல ரெண்டு மூணு நாளா எது சாப்பிட்டாலும் வாந்தின்னா அது பெரிய விஷயம், சும்மா பித்தம்னு எலுமிச்சம்பழம் மோந்துட்டு இருக்காதீங்க. விடாத வாந்தியில தையமின், அதாவது வைட்டமின் பி1, சீக்கிரமா தீந்து போயிடும், அது தீந்தா நடை தள்ளாடும், கண்ணுக்கு ரெண்டு ரெண்டா தெரியும், பேச்சு கொழம்பும், மூளைக்கே ஆபத்து. இதுல இன்னொரு சிக்கல், பக்கத்து கிளினிக்ல போனா வாந்திக்கு உடனே குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போட்டுடுவாங்க, பி1 கொறஞ்ச உடம்புல குளுக்கோஸ் மட்டும் போனா நெலமை இன்னும் மோசமாகும். "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, தையமின் குடுத்துட்டு ட்ரிப்ஸ் போடுங்க"ன்னு நீங்களே வாய் தொறந்து சொல்லுங்க. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ராத்திரி 11 மணிக்கு ஃபைல தேடிட்டு இருக்க முடியாது.

புரோட்டா எப்போ திரும்ப சாப்பிடலாம்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கத் தான் நெனச்சிருப்பீங்க. சிலருக்கு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு துண்டு ஒத்துக்குது, சிலருக்கு எப்பவுமே ஒத்துக்கறதில்ல. என்னைக் கேட்டா வேண்டாம்னு தான் சொல்வேன், மைதா, எண்ணெய், அதுல என்ன இருக்குன்னு இந்த சண்டை. அதே கடையில ரெண்டு முட்டை அவிச்சதோ ஆம்லெட்டோ போடச் சொல்லி பசங்களோட உக்காந்து மெதுவா சாப்பிடுங்க. ரெண்டு முட்டையில 12 கிராம் புரோட்டீன் வந்துடும், கடைக்காரர் மொதல் ரெண்டு நாள் ஒரு மாதிரி பாப்பாரு, அப்புறம் நீங்க வந்த உடனே அவரே போட்டுடுவாரு.

கீழக்கரை வாசகர்: மினி பைபாஸ் பண்ணி ஒரு வருஷம் ஆகப்போகுது. எங்க பக்கம் கல்யாணம்னா சஹன் சாப்பாடு தான், ஒரே பெரிய தட்டுல மூணு நாலு பேர் சாப்பிடுறது, நெய்ச்சோறு, தால்ச்சா, கறி. சேர்ந்து உக்காந்து சாப்பிடும்போது நான் மட்டும் கையெடுத்தா மச்சானுங்க விட மாட்டாங்க. போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துல கொஞ்சம் தொதல் இனிப்பும் சாப்பிட்டேன், கருப்பட்டி தானே ஒண்ணும் பண்ணாதுன்னு. கால் மணி நேரத்துல வயித்தைக் கலக்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்துக் கொட்டிடுச்சு. ஹார்ட் அட்டாக்னு உம்மா அழுதுட்டாங்க.

உம்மாவுக்கு மொதல்ல தைரியம் சொல்லுங்க. நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா அது டம்பிங். உங்க ஆபரேஷன்ல சாப்பாடு குடலோட மொதல் பகுதியைத் தொடாம நேரா கீழ போய் விழுது. இனிப்பு அப்படி மொத்தமா போய் விழுந்தா ரத்தத்துல இருக்க தண்ணியை குடல் உள்ள இழுத்துக்கும், அதனால தான் வயித்துக் கலக்கல், படபடப்பு, வேர்வை எல்லாம், சாப்பிட்டு 10 நிமிஷத்துலேருந்து அரை மணிக்குள்ள வரும். இன்னொரு வகையும் இருக்கு, ஒண்ணுலேருந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும், அது ரத்த சர்க்கரை சர்ருனு ஏறினதால இன்சுலின் அதிகமா சுரந்து சர்க்கரை திடீர்னு எறங்குறது. கை நடுங்கும், கண்ணு இருட்டும், அகோரமா பசிக்கும். அப்போ வீட்ல மெஷின் இருந்தா சுகர் பாருங்க, 70-க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடிச்சு, தெளிஞ்ச பிறகு ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடுங்க, அடிக்கடி வந்தா டாக்டர்கிட்ட போகணும். சுகர் மாத்திரை போட்டுட்டு இருக்கவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய டோஸையே தொடர்ந்தாலும் இப்படி எறங்கும், அதையும் செக் பண்ணுங்க. ஆனா நெஞ்சுவலி வந்து அது தோளுக்கோ தாடைக்கோ பரவுதுன்னா டம்பிங்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வீட்ல படுத்துக்காதீங்க.

கருப்பட்டின்னா ஒண்ணும் பண்ணாதுங்கறது நம்ம ஊருல எல்லாரும் நம்புற ஒண்ணு. வெள்ளைச் சர்க்கரையில இருக்க அதே சுக்ரோஸ் தான் அதுலயும் பெரும்பகுதி, கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கு, அவ்ளோ தான், குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தொதல்ல கருப்பட்டியோட தேங்காப்பாலும் வத்த வத்த கிண்டியிருப்பாங்க, இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த கட்டி. ஆசைக்கு நாக்குல ஒரு நகக்கண்ணு அளவு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் வயித்துல கிடையவே கிடையாது.

சஹனைப் பத்தி நீங்க பயப்படுறீங்க, எனக்கென்னமோ உங்களுக்கு அது தான் வசதின்னு தோணுது. எலை போட்ட பந்தியில ஒவ்வொருத்தர் எலையிலயும் எவ்ளோ மிச்சம்னு ஊருக்கே தெரியும், ஒரு தட்டுல மூணு நாலு பேர் கை போடும்போது யாரு எவ்ளோ தின்னாங்கன்னு யாருக்குத் தெரியும்? உங்க ஓரத்துல இருக்க கறியை சின்னதா பிச்சு, தால்ச்சாவுல பருப்பு பாகமா பாத்து எடுத்து, மெதுவா மென்னுட்டே இருங்க, சோறை வெரலால சும்மா தள்ளிட்டு இருந்தா கூட போதும். கை தட்டுல இருக்க வரைக்கும் ஒரு மச்சானும் வாயைத் தொறக்க மாட்டாரு, கையை எடுத்தா தான் பிரச்சனை. யாரு கூட உக்காருறோம்ங்கறது முக்கியம். வேகமா சாப்பிடுற வயசுப் பசங்க சஹன்ல உக்காந்தா நீங்களும் அந்த வேகத்துக்குப் போயிடுவீங்க, வயசான மாமாமாரோட உக்காருங்க, அவங்க பேசிப் பேசி சாப்பிடுவாங்க.

எலை பந்திக்குப் போறவங்களுக்கும் இங்கயே சொல்லிடுறேன். நம்ம கல்யாண மண்டபத்துல நாம உக்காந்து சாம்பார் ஊத்துறதுக்குள்ள அடுத்த பந்திக்கு ஆளு வந்து நம்ம சேரைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அவங்க மூச்சு நம்ம கழுத்துல படும்போது எப்படி 20 நிமிஷம் மென்னு சாப்பிடறது? கடைசி பந்தியில உக்காருங்க, பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்க. இல்லன்னா வீட்லயே சாப்பிட்டுட்டுப் போய், பந்தியில சும்மா உக்காந்து ரசத்துல நாலு பருக்கையைப் பெசஞ்சுட்டு எலையை மூடிட்டு வாங்க. எலையில மிச்சம் வச்சா மரியாதை இல்லன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க, அதுக்கு ஒரே வழி பரிமாறும்போதே கையை எலைக்கு மேல குறுக்க வச்சு "போதும்ணே"ன்னு சொல்றது தான். எலைக்கு வந்த பிறகு அது உங்க பொறுப்பு இல்ல, வயித்துக்குள்ள தள்ளி அதைக் காப்பாத்த வேண்டாம்.

உச்சிப்புளி வாசகி: எம் மகனுக்கு ஆபரேஷன் ஆகி 5 மாசம் ஆகுது. ஆசையா எறா வறுத்து வச்சா நாலு எறா தின்னுட்டு போதும்மாங்குறான். வெளிய கூட்டிட்டுப் போனாலும் அதே தான். முகமெல்லாம் ஒட்டிப் போச்சு, முடி கொட்டுது. ஊர்ல பாக்குறவங்க எல்லாம் என்னம்மா உம் பையனுக்கு சீக்கான்னு கேக்குறாங்க.

அம்மா, நாலு எறா தின்னான்ல, அது தான் அவனுக்கு ஒரு தட்டு. நீங்க வாய் எண்ணாதீங்க, அவன் என்ன சாப்பிட்டான்னு மட்டும் பாருங்க. எறா, மீனு, முட்டை, கோழின்னு மொதல்ல போகுதா, நாளைக்கு அஞ்சாறு தடவையா பிரிச்சு சாப்பிடுறானா, தண்ணி ஒண்ணரை லிட்டருக்குக் குறையாம போகுதா, இது மூணும் சரியா இருந்தா நீங்க நிம்மதியா தூங்கலாம். முடி கொட்டுறது மூணாவது மாசத்துலேருந்து பல பேருக்கு வர்றது தான், எடை வேகமா எறங்குறதால வர்றது, பெரும்பாலும் தானா நின்னு திரும்ப மொளைக்கும். புரோட்டீனும் இரும்புச்சத்தும் கொறஞ்சா இன்னும் இழுக்கும், அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்கம்மா. "எனக்காக ஒரு வாய்"னு கையில உருட்டி வச்சுட்டு நிக்காதீங்க. அந்த ஒரு வாய் தான் அவனுக்கு வாந்தி. உங்க மனசுக்காக அவன் வாங்கிக்குவான், அப்புறம் பாத்ரூம்ல போய் உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வருவான். சீக்கான்னு கேக்குறவங்ககிட்ட "சீக்கு இருந்துச்சு, இப்போ தான் சரியாகுது"ன்னு சொல்லுங்க.

ராமேஸ்வரம் வாசகர்: நாங்க சுத்த சைவம். எடை குறைக்கிற பைபாஸ் ஆயிருக்கு. யாத்திரைக்கு வர்றவங்களை கூட்டிட்டுப் போற வேலை, மதியம் ஹோட்டல் சாப்பாடு தான். புரோட்டீனுக்கு எங்க போறது?

சார், நீங்க நெனைக்கிறதை விட உங்க ஊரு வசதி. வடக்கேயிருந்து வர்றவங்களுக்காக அங்க நெறய ஹோட்டல்ல தால், பன்னீர் எல்லாம் கெடைக்குது, நம்ம ஆளுங்க அதைத் திரும்பிக் கூட பாக்காம மீல்ஸ் டோக்கன் வாங்கிடுறோம். அன்லிமிட்டெட் மீல்ஸ் உங்களுக்கு வீண் காசு. ஒரு பன்னீர் புர்ஜி, எண்ணெய் கம்மியா, பக்கத்துல ஒரு கப்பு தயிர், முடிஞ்சுது. 100 கிராம் பன்னீர்ல 18 கிராம் கிட்ட புரோட்டீன் இருக்கு, ஒரு இட்லியில ரெண்டு கிராம் தான், சாம்பார் பருப்புல வந்துடும்னு நம்பாதீங்க, ஹோட்டல் சாம்பார்ல பருப்பைத் தேடணும். தால் வாங்கினா கெட்டியா கேளுங்க. ஆனா அதுல மேல மெதக்குற எண்ணெயை ஸ்பூன்ல எடுத்துடுங்க, அதுவும் டம்பிங் பண்ணும். பையில ஒரு சின்ன டப்பாவுல சுண்டல், இன்னொண்ணுல டாக்டர் சொன்ன புரோட்டீன் பவுடர் வச்சுக்கங்க. வெயில்ல கோயில் பிரகாரம் சுத்துற வேலை, தண்ணி பாட்டில் கையிலயே இருக்கணும், மடக்கு மடக்கா குடிக்கறது கிடையாது, உறிஞ்சி உறிஞ்சி, நாள் முழுக்க.

பெரியபட்டினம் வாசகி: நோன்பு வைக்கலாமா? பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி குடிக்கலாமா? 8 மாசம் ஆச்சு ஸ்லீவ் பண்ணி.

கஞ்சி நல்லது தான், கொழைய வெந்தது, ஆனா கறி, பருப்பு போட்ட பாகமா எடுத்து, ஒரு சின்ன கப்பு, அதோட சமோசாவும் வடையும் வேண்டாம். நோன்பு வைக்கிறதுல எனக்கு கவலை சாப்பாடு இல்ல, தண்ணி. ஒண்ணரை லிட்டர் தண்ணியும் 60 கிராம் புரோட்டீனும் நோன்பு தொறக்குற மஃரிபுக்கும் விடியறதுக்கு முன்ன சாப்பிடுற சஹருக்கும் நடுவுல கொஞ்ச நேரத்துல உள்ள போகணும், சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல அரை மணி இடைவெளியும் விடணும், தூங்கவும் வேணும். மொதல் வருஷத்துல இது நடக்குற காரியம் இல்லன்னு தான் எனக்குப் படுது. சர்ஜன்கிட்டயும் மார்க்கம் படிச்ச உங்க ஆலிம்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, உடம்பு முடியாதவங்களுக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்குன்னு அவங்களே சொல்வாங்க. அடுத்த வருஷம் டாக்டர் சரின்னு சொன்னா, நோன்பு தொறக்கும்போது ஒரே ஒரு பேரீச்சம்பழம், அதையும் நல்லா மென்னு, ரோஸ்மில்க் சர்பத் பக்கம் போகாம. தலை சுத்துதுன்னா, யூரின் மஞ்சளா கொறஞ்சு போகுதுன்னா அன்னிக்கு நோன்பை விட்டுடணும்.

சாயல்குடி வாசகர்: பனங்கிழங்கு, நுங்கு, பதநீர், இது மூணும் இல்லாம எங்க ஊர்ல இருக்க முடியாது.

நுங்கு ஓகே, பெரும்பாலும் தண்ணி தான், தோலை உரிச்சுட்டு மெதுவா மென்னு சாப்பிடுங்க. பதநீர் ஒரு டம்ளர்ல 20 கிராமுக்குக் கொறையாத சர்க்கரை, அதுவும் தண்ணியா இருக்கறதால சல்லுனு எறங்கும், நீங்க பைபாஸா இருந்தா கீழக்கரை அண்ணனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். பனங்கிழங்கு தான் இருக்கறதுலயே ஆபத்து, அதுல இருக்க நார் மசியாது, சின்ன வயித்துல நார் சேர்ந்து சேர்ந்து பந்தா உருண்டு அடைச்சுக்கும், சில பேருக்கு எண்டோஸ்கோப்பி பண்ணி எடுக்க வேண்டியதாகும். நாரை உருவிட்டு மாவை மட்டும் ஒரு துண்டு மென்னு பாருங்க, பொங்கல் நேரத்துல கட்டு கட்டா உரிச்சு தின்ன காலம் முடிஞ்சுது.

தேவிபட்டினம் வாசகர்: கோலி சோடா? அப்புறம், ஃப்ரெண்ட்ஸோட எப்பவாச்சும் ஒரு பெக்?

சோடா வேண்டாம், கேஸ் போய் அந்தக் குழாயை ஊதி வலி எடுக்கும். ரெண்டாவதும் வேண்டாம். பைபாஸ், ஸ்லீவ் ரெண்டுலயும் சரக்கு சர்ருனு ரத்தத்துல ஏறும், முன்னாடி மூணுல வந்த போதை இப்போ ஒண்ணுல வரும், ஈசிஆர்ல பைக் ஓட்டிட்டுப் போறப்போ தான் தெரியும். சாப்பாடு மேல இருந்த ஆசை இது மேல திரும்பினவங்களையும் பாத்திருக்கேன். சைடிஷ் சாப்பிட மட்டும் போறேன்னு சொல்லாதீங்க, அந்த டேபிளே வேண்டாம்.

தொண்டி வாசகி: வெளிய சாப்பிடுற அன்னிக்கு வைட்டமின் மாத்திரையை விட்டுட்டா பரவாயில்லையா? ராத்திரி வந்து சேர்த்துப் போட்டுக்கலாமா?

ரெண்டுக்கும் இல்லைன்னு தான் பதில்மா. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துப் போட்டா ஒண்ணை ஒண்ணு உடம்புல ஏற விடாது, நடுவுல ரெண்டு மணி நேரம் விடணும். இரும்பு மாத்திரை போட்ட உடனே டீ குடிக்காதீங்க, அதுவும் தடுக்கும். பி12, வைட்டமின் டி, இதெல்லாம் எடை எறங்குற வரைக்கும் இல்ல, ஆயுசுக்கும். வெளிய போகும்போது ஒரு சின்ன டப்பாவுல போட்டு ஹேண்ட்பேக்லயே வச்சுக்கங்க. பைபாஸ் ஆனவங்களா இருந்தா அந்த டப்பாவுல தலைவலிக்கு, மூட்டுவலிக்குன்னு மெடிக்கல்ல வாங்குற வலி மாத்திரை மட்டும் இருக்கக் கூடாது, தையல் போட்ட எடத்துல புண்ணு வரும், பாரசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ரத்தம் டெஸ்ட் உண்டு, அடுத்தது எப்போன்னு இன்னிக்கே காலண்டர்ல குறிச்சு வைங்க.